ஆறுக்கு நாலு

அரியமங்கலம் தொழிற்பேட்டையில் மட்டுவார்குழலியும் ப்ரீத்தியும் சேர்ந்து நடத்திய பட்டறையில் ரெட்யூசர் மட்டும்தான் செய்தார்கள். பெரிய குழாயைச் சின்னக் குழாயோடு இணைக்க நடுவில் வைக்கிற, ஒரு வாய் அகன்று மறுவாய் குறுகிய இரும்புத் துண்டு. இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உலை, பிரஸ், குழாயை உள்ளே தள்ளி வடிவம் கொடுக்கும் டை எல்லாம் குழலியின் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பது ப்ரீத்தி. புது ஆட்கள் முன்னால் குழலிக்கு நாக்கு எழாது.

போன கோடையில் குழலிக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை எதற்கும் மனசைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கல்யாணம் வேண்டாமென்று தனியாக இருப்பவளுக்கு அப்போது பக்கத்தில் இருந்தவள் ப்ரீத்திதான். ஸ்ரீரங்கத்தில் இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. காலையில் கஞ்சி, சாயங்காலம் சூப் என்று தூக்குவாளியோடு வந்துவிடுவாள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குழலியைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

குழலி தேறி, பட்டறைக்குத் திரும்பிய புதிது. துவாக்குடியில் ஒரு கம்பெனியிலிருந்து குழாய் அளவு பார்க்கக் கூப்பிட்டார்கள். ப்ரீத்தி சென்னைக்குப் போயிருந்ததால் குழலியே கிளம்பினாள். அங்கே வெயிலில் ரெட்யூசர்கள் குவிந்து கிடந்தன. மேலே கேள்விப்படாத ஒரு பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. பழக்க தோஷத்தில் ஒன்றைத் தடவிப் பார்த்தவளுக்குக் கை அப்படியே நின்றது.

ஆறு அங்குல வாயை நாலு அங்குலமாகக் குறுக்கும் அவளுடைய ஆறுக்கு நாலு டையின் உள்சுவரில் பிறை மாதிரி ஒரு கீறல் உண்டு. அதில் அழுத்தி எடுக்கிற ஒவ்வொரு துண்டிலும் சின்ன வாய்க்குப் பக்கத்தில் மெல்லிய வரப்பு எழும்பும். அதைத் தேய்த்தெடுக்காமல் அவள் சரக்கை வெளியே விட்டதில்லை. இங்கே யாரும் தேய்க்கவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே பிறை. அந்த டை கீறலைச் சரிசெய்ய வெளியே போயிருக்கிறது என்றுதான் ப்ரீத்தி சொல்லியிருந்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு, சார்?"

கொள்முதல் பார்க்கும் சித்தார்த் சிரித்தான். "என்ன மேடம், உங்க ப்ரீத்தி மேடம் அனுப்புனதுதானே? புதுக் கம்பெனி பேர்ல. உங்களுக்கு உடம்பு முடியல, இனி தொழிலுக்கு வரமாட்டீங்கன்னு சொன்னாங்க. கேன்சர்னு... ஸாரி மேடம். இப்ப பரவால்லையா?"

குழலி தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வார்த்தையை அவள் ப்ரீத்தியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற அம்மாவிடம்கூட.

பட்டறைக்கு வந்து பிரஸ் ஓட்டும் முகம்மது கனியிடம் டையைப் பற்றிக் கேட்டாள். அவர் பிரஸ்ஸை நிறுத்தினார்.

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப டையை ஆட்டோவுல ஏத்தி அனுப்பச் சொன்னாங்கம்மா. உங்களை ஒரு வார்த்தை கேக்கட்டுமான்னேன். படுத்திருக்கிறவளத் தொந்தரவு பண்ணாதீங்கன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் இருந்தேன்."

ப்ரீத்தி ஊர் திரும்பிய அன்றே குழலி அவள் வீட்டுக்குப் போனாள். காபி கலக்கப் போனவளை உட்காரச் சொல்லி, துவாக்குடியில் பார்த்ததைச் சொன்னாள். மறுப்பாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஏதாவது செய்யமாட்டாளா என்றுகூட இருந்தது. ப்ரீத்தி மறுக்கவில்லை.

"டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துலதான்டி நின்னேன். நீ போயிட்டா உன் பங்குன்னு உன் அண்ணன்மாரு வந்து நிப்பாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் என்ன பண்றது?"

"அதனால நான் சாகறதுக்கு முன்னாடியே பிரிச்சுக்கிட்டே."

"அப்படிச் சொல்லாதே."

"சரி, ரிசல்ட் நல்லா வந்துச்சே. அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அதுக்குள்ள ஆர்டர் எடுத்தாச்சு. எப்படி நிறுத்துறது?"

குழலிக்குக் கடைசியாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "என்னைக் கட்டிப் புடிச்சு அழுதியே, அது?"

ப்ரீத்தி நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அது நெஜம்தான்டி."

பொய் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். குழலி எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு வக்கீல், கையெழுத்து, பிரிவினை. டை திரும்பி வந்தது. வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. குழலியே ஆலை ஆலையாக ஏறி இறங்கினாள். முதல் சில இடங்களில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "உங்களுக்கு உடம்பு..." என்று இழுத்தவர்களிடம், "நல்லா இருக்கேன் சார், சரக்கைப் பாருங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சித்தார்த் ஒரு சின்ன ஆர்டர் கொடுத்தான். பட்டறை நிற்கவில்லை, அவ்வளவுதான். ப்ரீத்தியின் புதுக் கம்பெனி நன்றாகவே ஓடியது.

மழைக்காலத்தில் ஒரு காலை, காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. குழலியின் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ரெயின்கோட்டுக்குள்ளிருந்து ப்ரீத்தியின் குரல்.

"செக்கப்புக்குப் போனியா?"

குழலி முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"போனேன்."

வண்டிகள் நகர்ந்தன. அந்த ஒரு வார்த்தையையாவது கொடுக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று, அரியமங்கலம் போய்ச் சேரும்வரை அவளுக்கு ஆறவே இல்லை.