அண்ணியின் இடது கட்டைவிரல்

அன்று மேகமா வெயிலா என்று எனக்கு நிச்சயமில்லை. முதலில் சிரித்தது யார் என்பதில் அண்ணிக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு. அண்ணியின் விரல் சிவந்திருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியில் நாங்கள் இருவருமே துப்பாக்கிக் காவலர்கள். கம்பெனி பழைய ரிவால்வர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு பிஸ்டல் கொடுத்தது. ரிவால்வர் பிடிக்கும்போது அண்ணி இடது கட்டைவிரலை வலது கைக்குப் பின்னால் குறுக்கே மடித்துப் பூட்டிக்கொள்வார். பிஸ்டலில் அது ஆகாது. சுட்டதும் அதன் மேல்பாகம் பின்னால் பாயும். குறுக்கே நிற்கும் விரலைக் கிழித்துவிடும்.

பயிற்சி கொடுத்த சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு, எதற்கும் பொரிவார். அண்ணியிடமே லிப்ஸ்டிக் வாங்கி, குண்டில்லாத பிஸ்டலின் பின்முனையில் பூசினார். அண்ணி பிடித்ததும் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துக் காட்டினார். விரலில் சிவப்பு. மாலைக்குள் தேறாவிட்டால் வண்டி வேலை கிடையாது, ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவேண்டியதுதான் என்றார். அண்ணியால் சினிமாவிலேயே இடைவேளைவரை உட்கார முடியாது.

மறுபடி பிடித்தார், மறுபடி சிவப்பு. மடிக்காதே மடிக்காதே என்று கடுகு பொரியப் பொரிய, விரல் இன்னும் இறுக்கமாக மடிந்தது.

அண்ணி பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அது வெகுநேரமாகத் தோன்றியது.

"உங்க அண்ணன் பைக் ஓட்டறார்னு வை," என்றார், இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி. வலதை அதன்மேல் சற்றுப் பின்தள்ளி வைத்தார். "பின்னாடி இது நான். ரெண்டு பேர் மூஞ்சியும் ரோட்டைப் பார்த்துதானே இருக்கணும்?"

"அப்போ ரிவால்வர்ல?"

"அதுல அவர் பின்சீட்ல உக்காந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தார். அதான் விட மனசில்லை."

அடுத்த முறை விரலில் சிவப்பு இல்லை. கடுகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார், அப்போதும் இல்லை. குண்டு போட்டுக் கொடுத்தார். சுடு என்று சொல்லும்வரை அண்ணியின் ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது. சுட்டபோது கட்டைவிரல்கள் இரண்டும் பைக்கை விட்டு இறங்கவில்லை. எதிரே குறிக்கு மாட்டியிருந்த காகிதத்தில் ஓட்டைகள் நெருங்கி விழுந்திருந்தன.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கடுகு கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்," என்றார் அண்ணி.

அண்ணன் துணிக்கடையில் பில் போடுகிறவர். பொம்மைத் துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை. கடுகு அந்தப் பக்கம் திரும்பியதும் இருவரும் சிரித்துவிட்டோம்.

அண்ணி இன்னும் வண்டியில் போகிறார். கடுகு ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறார். நான் அந்த வேலையை விட்டுவிட்டு நூலகத்தில் சேர்ந்துவிட்டேன். அண்ணன் அதே துணிக்கடையில்தான்.