இறக்கத்துக்கு முன்னால்

காரைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டு அக்கா இரண்டு முறை ஹாரன் அடித்தாள். நான் மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பன்னண்டு மணிக்கு ஜன்னல மூடிருவாங்கடி. பொண்ணு பாக்க வர்ற மாதிரி எவ்ளோ நேரம் கெளம்புவ?"

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டே ரெண்டு சீட்டு. பெத்தவள ஏத்திக்க இடமில்லாத வண்டிய எவளாவது வாங்குவாளா?"

"டிக்கில உக்காந்துக்கோம்மா, தாராளமா இருக்கும்."

"அதுலதான் உன் சீதனம் எல்லாம் ரொப்பி வெச்சிருக்கியே."

சீதனம் என்று அம்மா சொன்னது ஜாக்கி, ஸ்பானர் பெட்டி, பாதி டப்பா பிரேக் ஆயில், கிரீஸ் அப்பிய பழைய நைட்டி ஒன்று. நான் ஏறிக் கதவை மூடினேன். இரண்டாம் முறை இழுத்து மூடினால்தான் அந்தக் கதவு மூடும்.

அன்றைக்குத்தான் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குள் சோதனை நிலையத்தில் டோக்கன் வாங்கி, அன்றைக்கே காரைக் காட்ட வேண்டும். தவறினால் பதிவு ரத்தாகிவிடும். அப்புறம் அதைத் தெருவில் ஓட்ட முடியாது, உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். அக்கா ஏழு மாதமாக அந்த வண்டிக்கு உயிரைக் கொடுத்திருந்தாள். நிலையத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் நீளமான இறக்கம். அதன் அடியில் ரயில்வே கேட்.

பிரேக் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

காரை அவள் ஒரு கண் டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கண்டெடுத்தாள். ஆறு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக, உட்கார்ந்தால் பாயில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கார் வேலை ஒன்றும் தெரியாது. "எலும்பு தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் அதுமேல போத்தினதுதான்" என்று சொல்லிக்கொண்டு முதல் நாளே பானெட்டைத் திறந்தாள். உள்ளே ஒரு எலிக் குடும்பம் இருந்தது. அதைக் காலி செய்யவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுந்து நின்று வாசி என்றால் எனக்குக் குரல் வராது. ஒருநாள் வரவே இல்லை, மறுநாள் நான் போகவில்லை. வீட்டில் சும்மா இருப்பவள் என்பதால் கார் வேலையில் பாதி என் தலையில் விழுந்தது. பிடி, தூக்கு, துடை, மிதி. இதற்கெல்லாம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

பிரேக்கைக் கடைசியாகத்தான் தொட்டோம். முன் சக்கரங்களின் காலிப்பர் இரண்டையும் கழற்றினோம். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு அது, ஒவ்வொன்றும் ஒரு கை நிறைய இருக்கும். பழுது பார்த்து, ரப்பரும் டிஸ்க்கை உரசுகிற பேடும் மாற்றி, அக்காவின் ஆசைக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, காய்வதற்குத் துணிக்கொடியில் கட்டித் தொங்கவிட்டோம். மழை வந்தது. நான் ஓடிப் போய், அம்மாவின் புடவைகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கைக்கு ஒன்றாகக் காலிப்பரையும் எடுத்து வந்தேன். மறுநாள் மாட்டினோம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன, வம்பில்லாமல் பொருந்தின.

பிறகு ஏர் எடுத்தோம். குழாய்க்குள் பிரேக் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும், காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருத்தி சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவள் சக்கரத்தடியில் படுத்து, காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு உடனே மூட வேண்டும். புதன்கிழமை அக்கா இரவு டியூட்டி முடித்து நேராக வந்து தரையில் படுத்தாள். நான் மிதித்தேன். நாற்பது தடவை, ஐம்பது தடவை. நிப்பிளில் செருகியிருந்த குழாயில் குமிழி வருவது நின்றுவிட்டது.

"கெட்டியா இருக்கா?" என்று அடியிலிருந்து கேட்டாள்.

மூன்று முறை அடித்து மிதித்தால் கெட்டியாக இருந்தது. ஒரே முறை மிதித்தால் பஞ்சு மெத்தையில் கால் வைத்த மாதிரி உள்ளே போயிற்று. படுப்பதற்கு முன்பே அக்காவின் கண் இரண்டும் சிவந்திருந்தன. எனக்குள் வாக்கியம் தயாராவதற்குள் அவள் மறுபடி கேட்டாள்.

"அடியே ஊமைக்கோட்டான், கெட்டியா இல்லையா?"

"இருக்கு" என்றேன்.

அவள் தூங்கப் போனபின் தனியாக உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். பெடல் தரைக்கு இரண்டு விரல் மேலே போய்த்தான் நின்றது. வியாழக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அவளுக்கு இரட்டை டியூட்டி. வெள்ளிக்கிழமை தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே காருக்கு மெருகு போட்டாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்று சனிக்கிழமை.

பெரிய சாலைக்கு வந்ததும் கார் தானாகச் சந்தோஷப்பட்டது போல உறுமியது. அக்கா சிரித்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஒருவன் எங்களைப் பார்த்துக் கைதட்டினான். நான் என் பக்கத்து மிதியடியை வலது காலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். அங்கே பெடல் ஏதும் கிடையாது.

முதல் சிக்னலில் எங்களுக்கு முன்னால் மெத்தைகள் ஏற்றிய வேன் ஒன்று நின்றது. அக்கா மிதித்தாள். கார் நிற்கவில்லை. மறுபடியும் படபடவென்று மிதித்தாள். வேனின் பின்கதவில் எழுதியிருந்த போன் நம்பரின் கடைசி எண்வரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தபோது கார் நின்றது.

"கொஞ்சம் ஆழமா போகுதுல்ல?" என்றாள் அக்கா. மேலுதட்டில் வேர்த்திருந்தது. "புது பேட்தான. பழகணும்."

இப்போது சொல், இப்போது சொல் என்று என் நெஞ்சு அடித்தது. சொன்னால் கார் போய்விடும். திரும்ப வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் கழற்றி, பன்னிரண்டு மணிக்குள் ஒன்றும் நடக்காது. சொல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டி, இறக்கம், ரயில்வே கேட். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"என்னடி?"

தலையாட்டினேன். பச்சை விழுந்தது.

தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது. அதன் நிழல் சாலையில் விழுந்திருந்த இடத்தைத் தாண்டினால் சாலை கண்ணிலிருந்து மறைந்து கீழே போகும். அக்கா மூன்றாவது கியரில் இருந்தாள். நான் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன். அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது, பின் சக்கரத்தைத் தனியாகப் பிடிப்பது, அதில் ஆயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன்.

பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. கார் வாலை ஆட்டி ஓரமாகத் திரும்பி, மூடியிருந்த ஒரு பர்னிச்சர் கடை வாசல் மண்ணில் ஏறி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

"பைத்தியமாடி உனக்கு?" அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கொல்லப் பாத்தியா?"

"பிரேக் இல்ல."

"என்ன?"

"ஒரு நிமிஷம் காலை எடு. அப்புறம் ஒரே தடவ மிதி."

அவள் காலை எடுத்தாள். நாங்கள் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே ரயில்வே கேட் மூடுகிற மணி கேட்டது. அக்கா இன்ஜினை முடுக்கி, ஒரே முறை மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டு 'டக்' என்றது. அவள் இன்ஜினை அணைத்தாள். பிறகு இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள்.

மணி ஒன்பதரை.

பின் சக்கரங்களுக்கு அணையாகக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டு, இடது சக்கரத்தைக் கழற்றினோம். எங்கும் ஒழுகல் இல்லை. அக்கா போனை எடுத்து, கழற்றுவதற்கு முன்னால் பிடித்து வைத்திருந்த படத்தைத் தேடினாள். துரு ஏறிய பழைய காலிப்பர். அதன் நிப்பிள் வானத்தைப் பார்த்திருந்தது. எங்கள் சிவப்புக் காலிப்பரின் நிப்பிள் தரையைப் பார்த்திருந்தது.

படத்தையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலகீழ மாட்டியிருக்கமா?"

"இடதும் வலதும் மாறிப்போச்சு" என்றேன். "கொடியிலருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

காற்று எப்போதும் மேலே ஏறித்தான் நிற்கும். நிப்பிள் கீழே இருந்ததால் ஐம்பது தடவை மிதித்தும் ஆயில்தான் வெளியே வந்திருக்கிறது. காற்று மேலே ஒரு மூலையில் சுகமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

"ரெண்டையும் மாத்தணும்னா ஆயில் வர்ற ஹோஸ கழட்டணும். கழட்டினா இருக்குற ஆயில் எல்லாம் போயிரும். இந்த அரை டப்பா எந்த மூலைக்கு?" அக்கா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோதான். முடிஞ்சுது."

நான் காலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்திருந்தவை இரண்டே போல்ட்.

"ஹோஸ கழட்ட வேணாம். போல்ட்ட மட்டும் கழட்டி, கையில திருப்பிப் பிடிச்சா நிப்பிள் மேல வந்துருமே."

"டிஸ்க் இல்லாம மிதிச்சா பேட தள்ளுற பிஸ்டன் வெளிய வந்து விழுந்துரும்டி."

"நடுவுல கட்டை வெச்சுக்கலாம்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அவளுக்கு வண்டி நின்றதைவிட ஆச்சரியமாக இருந்திருக்கும். கடை வாசலில் உடைந்த பேக்கிங் பெட்டி கிடந்தது. டிஸ்க் கனத்துக்கு ஒரு பலகைத் துண்டைத் தேடி எடுத்தேன்.

காலிப்பரைப் பலகையைக் கவ்வ வைத்து, நிப்பிள் மேலே வரும்படி அக்கா தூக்கிப் பிடித்தாள். நான் போய்ப் பெடலை மிதித்தேன். நிப்பிளைத் திறந்த உடனேயே அது தும்மியது; குழாய் முழுக்கக் குமிழி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பானெட்டுக்குள் ஆயில் மட்டம் குறையக் குறைய, காரிலிருந்து இறங்கிப் போய் ஊற்றினேன். வலது பக்கமும் அப்படியே. நடுவில் ஒரு போல்ட் மண்ணில் விழுந்து, அதைத் தேடுவதில் பத்து நிமிடம் போனது. அக்காவின் முழங்கையிலிருந்து ஆயில் சொட்டியது.

"கெட்டியா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"ஏய், மணி பதினொண்ணே கால்டி!"

"இல்லக்கா. இன்னும் வரல."

அவள் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. மறுபடி திறந்தாள், மூடினாள். அதற்கப்புறம் பெடல் பாதி வழியில் நின்றது. காலை எடுத்து, நூறு எண்ணி, ஒரே முறை மிதித்தேன். அதே இடம். வீட்டுத் தரையில் நின்ற மாதிரி இருந்தது. சொன்னேன். டப்பாவில் ஒரு மூடி ஆயில் மிச்சமிருந்தது. காலிப்பர்களைப் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டிச் சக்கரங்களைப் பூட்டினோம்.

இறக்கத்தில் அக்கா இரண்டாவது கியரிலேயே இறங்கினாள். பாதியில் வேண்டுமென்றே ஒருமுறை மிதித்து நிறுத்தினாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்றாள். கேட் திறந்திருந்தது.

டோக்கன் ஜன்னலுக்குப் போனபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எங்களுக்கு முன்னால் ஏழு பேர். ஜன்னல் மூடுவதற்குள் டோக்கன் கைக்கு வந்தது.

சோதனை அதிகாரி ஒல்லியான, குடையோடு வெயிலில் நடக்கிற மனிதர். முன்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி பிரேக் போடச் சொன்னார். மீட்டரின் முள் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் குடையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து டார்ச் அடித்தார். எழுந்திருக்க நேரமாயிற்று.

"பிரேக் நல்லாதாம்மா பிடிக்குது. ஆனா காலிப்பர் ரெண்டும் இடம் மாறியிருக்கே. யாரு வேலை பாத்தது?"

"நாங்கதான் சார்" என்றாள் அக்கா.

"அடுத்த தடவ ஏர் புகுந்தா இத யாரு கழட்டித் தூக்கிப் பிடிச்சிட்டு இருப்பா?"

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். அவர் ஒரு மஞ்சள் தாளில் கிறுக்கினார். தேறவில்லை. ஆனால் கெடு முடிவதற்குள் காட்டியாகிவிட்டதால் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. சரி செய்து மறுபடி கொண்டு வர வேண்டும். அதுவரை பதிவு ரத்தாகாது. தாளை வாங்கும்போது அக்காவின் விரல் அச்சு அதில் கறுப்பாக விழுந்தது.

காரில் ஏறி உட்கார்ந்தபின் அவள் சாவியைத் திருகவில்லை.

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமைலருந்து."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூன்று நாளையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறவள் மாதிரி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் அம்மாவ கோயிலுக்கு இதுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அம்மாதான் வேலையிருக்குன்னுட்டாங்க."

"தெரியும்."

"அப்பவும் நீ அங்கதான் நின்ன."

நான் அங்கேதான் நின்றேன். வாளியோடு, அவளுக்கு இரண்டடி தள்ளி. அழுகைகூட வரவில்லை.

வழி முழுக்க அவள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா வெளியே வந்தாள்.

"என்னாச்சு? பாஸா, பெயிலா?"

"பெயிலு."

"நான்தான் அப்பவே..."

"அம்மா, கொஞ்சம் உள்ள போ."

அக்கா நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினாள். புது ஆயில் வாங்கப் பார்ட்ஸ் கடைக்குப் போகச் சொல்லி என் பக்கம் பார்க்காமலேயே பர்ஸை நீட்டினாள். அந்தக் கடைக்கு நான் தனியாகப் போனதில்லை. கடைக்காரரிடம் கேட்க வேண்டும். எந்த ஆயில் என்று அவர் திருப்பிக் கேட்பார், சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பர்ஸை வாங்கிக்கொண்டு நடந்தேன்.