பத்து மிஸ்

எனக்கு அவளைப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பில் 'ஏ' பிரிவு என்னுடையது, 'பி' பிரிவு அவளுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பத்து மிஸ். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முதலில் பத்தாக்கு, அப்புறம் மிச்சத்தைப் பார் என்பாள். எனக்குப் பிள்ளைகள் ஒரு பெயரும் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் என் காதுக்கு வரவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் மகள் அவளிடம் படிக்கிறாள். பெற்ற பிள்ளை அம்மாவின் வகுப்பில் உட்காரக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. அதனால் நான் பெற்று, பால் கொடுத்து, ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்து வளர்த்ததை நோகாமல் அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே மகளிடம் கேட்டேன். "இருபத்தெட்டும் நாப்பத்தாறும் எவ்ளோடி?"

"எழுபத்துநாலு."

"எப்படிப் போட்டே?"

"இருபத்தெட்டுக்கு ரெண்டு குடுத்தா முப்பது. நாப்பத்தாறுல நாப்பத்துநாலு மிச்சம். அவ்ளோதான். நீ எப்படிம்மா போடுவே?"

"எட்டும் ஆறும் பதினாலு. நாலு போட்டு ஒண்ணை மேல வெச்சுக்கணும்."

"மேலன்னா எங்கம்மா? மனசுக்குள்ள மேல எங்க இருக்கு?"

என் வீட்டுக்காரர் கூடத்தில் சிரித்தார். அவருக்கு மகள் எது சொன்னாலும் வேடிக்கைதான். எனக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு அவள், "நாளைக்கு மிஸ்கிட்ட இதைச் சொல்றேன், சிரிப்பாங்க" என்றாள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட மறுநாள் அது பத்து மிஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். எனக்கோ, "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடி?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் கிடைக்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தினமும் காலையில் அரைமணி நேரம் மனக்கணக்கு நடக்கும். பென்சிலைக் கீழே வை, கண்ணை மூடு என்பாள். யாராவது தப்பாகச் சொன்னால், "அட, நல்லா இருக்கே, எப்படி வந்துச்சு?" என்று அவனையே பேசவிடுவாள். தப்புக்கு என்ன பாராட்டு வேண்டிக்கிடக்கிறது? என் வகுப்பில் அந்தக் கொஞ்சலெல்லாம் கிடையாது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பேன். மூன்று விநாடி. "யோசிக்காதே, சொல்லு." இதுதான் என் பாடம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமை ஆசிரியை ஒரு போட்டி வைத்தார். பிரிவுக்குப் பத்துப் பேர், பத்துக் கணக்கு. எந்தப் பிரிவு ஜெயிக்கிறதோ, அதன் டீச்சர்தான் இனி இரண்டு பிரிவுக்கும் காலை மனக்கணக்கு எடுப்பார் என்றும் சொல்லிவிட்டார். தோற்றால் மகளோடு சேர்த்து என் முப்பது பிள்ளைகளும் அவளிடம் போகும். ஜெயித்தால் என் மகள் அரைமணி நேரமாவது எனக்கு முன்னால் உட்காருவாள். எனக்கு வேண்டியது அந்த அரைமணி நேரம்தான்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் கேள்வித்தாளைப் படியெடுக்கச் சொல்லி தலைமை ஆசிரியை என்னிடமே கொடுத்தார். நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தப் பத்துக் கணக்கையும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து என் பத்துப் பேரையும் வரிசையாக உட்காரவைத்து அதே கணக்குகளைக் கேட்டேன். முதல் இடத்துக்கு முதல் கணக்கு, இரண்டாவது இடத்துக்கு இரண்டாவது. பயிற்சி என்றுதான் சொன்னேன். ஒரு வாரத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே விடை வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே சத்தமாக, "சபாஷ்" என்றேன்.

போட்டியன்று கூடத்தில் இரண்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கேள்வி முதலில் என் பிள்ளைக்கு. தப்பானால் எதிரே அதே இடத்தில் இருக்கும் 'பி' பிள்ளைக்கு. என் மகள் எதிர் பெஞ்சில் பத்தாவதாக இருந்தாள்.

தலைமை ஆசிரியை தாளைப் பிரித்தார். "போன வருஷம் மேலருந்து கேட்டேன். இந்தத் தடவை கீழருந்து வரலாம்" என்றார்.

நான் பெஞ்சை நோக்கி ஓரடி எடுத்துவைக்கும் முன்பே கேள்வி வந்துவிட்டது.

"நூறுல முப்பத்தேழு போனா?"

முதல் இடத்துப் பெண் மூச்சுக்கூட விடாமல், "அறுபத்தஞ்சு" என்றாள். எதிரே ஒருவன் கண்ணை மூடித் திறந்து, "அறுபத்துமூணு" என்றான். இரண்டாவது கேள்வி, "நாலு பத்தொம்பது?" என் பையன், "முப்பத்தேழு" என்றான். கூடமே சிரித்தது. பிறகும் அப்படித்தான். பாவம், யோசிக்காமல் சொல்லத்தானே நான் பழக்கியிருந்தேன். பத்துக்குப் பத்தும் போயிற்று.

வராந்தாவில் பத்து மிஸ் என் பக்கத்தில் வந்தாள். "பசங்க பயந்துட்டாங்க டீச்சர், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அவள் குத்திக்காட்டியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் என் கையைப் பிடித்தபடி நடந்தாள். தெருமுனை தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, கடைசிக் கணக்கு எனக்குத்தானே வந்துச்சு? நாப்பத்தெட்டும் பதினேழும்."

"ஆமா. அறுபத்தஞ்சுன்னு சரியாச் சொன்னியே."

"அதையேதான் உன் கிளாஸ்ல முதல்ல இருந்த பொண்ணு சொன்னா. ரெண்டாவது பையன் முப்பத்தேழுன்னு சொன்னான்ல? எனக்கு முந்தின கணக்கு எழுபத்திரண்டுல முப்பத்தஞ்சு போனா. அதுவும் முப்பத்தேழு. நான் பத்தையும் மனசுலயே போட்டுப் பாத்தேம்மா. எல்லாமே தலைகீழா சரியா இருந்துச்சு."

ஒரு ஸ்கூட்டர் போவதற்காக ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

"மிஸ் கேட்டாங்க, ஏன் உன் முகம் ஒருமாதிரி இருக்குன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்" என்றாள் என் மகள்.