பதினெட்டு வருஷம் திறக்காத பாட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கஸ்பார் மேஜை விசிறியைத் தூக்கிவந்து பழைய கம்ப்யூட்டரின் பக்கத்தில் வைத்துவிட்டார். பெட்டியின் தகட்டைக் கழற்றியாயிற்று. கொஞ்சம் சூடேறினாலும் பொட்டென்று அணைந்துபோகும் அது, இன்றைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும்.

“நீங்க செத்த தள்ளி உட்காருங்க. மூச்சு கழுத்துல படுது,” என்றாள் மனைவி ஐரின்.

அவரால் உட்கார முடியவில்லை. மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. கோயில் பாடகர் குழுவுக்கு முப்பது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவி சொல்வதுதான் சட்டம். புது லேப்டாப் வாங்கியதும் அவள்தான். பழையதில் இருக்கும் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மெயில்களும் தனக்கு வேண்டும் என்று அடம்பிடித்தது மட்டும் கஸ்பார்.

காரணத்தை அவர் சொல்லவில்லை. காரணம், அமலன்.

அமலனும் அவரும் திண்டுக்கல்லில் ஒரே வகுப்பு, ஒரே பாடகர் குழு. அமலன் பிலாய் இரும்பாலையில் வேலை கிடைத்துப் போன பிறகும் கடிதம் நின்றதில்லை. கஸ்பார் கம்ப்யூட்டர் வாங்கியதும் அது வாரம் இரண்டு மெயில் ஆனது. 2006 நவம்பரில் ஒரு மெயில் வந்தது: ‘கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று எழுதியிருக்கிறேன். நாலு குரலுக்கு. இணைப்பில் பார்.’ பார்க்கத்தான் முடியவில்லை. ஆபத்தான இணைப்பு என்று கம்ப்யூட்டர் அதைத் தடுத்துவிட்டது. எத்தனை அழுத்தியும் திறக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்க்கலாமென்றால், மெயில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறங்கியதோடு இணையத்திலிருந்து அழிந்து போயிருந்தது.

இன்னொரு தடவை அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அமலனிடம் அளந்திருந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு, ‘பாட்டு பிரமாதம்’ என்று பதில் எழுதிவிட்டார். அந்தக் கிறிஸ்துமசுக்கு வருவதாகச் சொல்லியிருந்த அமலன் வரவில்லை. அப்புறம் மெயிலும் குறைந்து, கடைசியில் வருஷத்துக்கு ஒரு வாழ்த்து என்று வந்து நின்றது.

“பென்டிரைவைப் படிக்க மாட்டேங்குது,” என்றாள் ஐரின்.

“ஐயையோ! போச்சா?”

“ஒண்ணும் போகல. இது புதுசு, அது கெழம். ஒண்ணுக்கொண்ணு பாஷை புரியல. என் ஹேண்ட்பேக்ல பழைய பென்டிரைவ் ஒண்ணு கெடக்கும், எடுத்துட்டு வாங்க.”

ஓடிப்போய் எடுத்துவந்தார். பழையதைப் பழையது ஏற்றுக்கொண்டது. ஐரின் எல்லா மெயில்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டாள். திரையில் பச்சைக் கட்டம் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கியது. பாதிக்கு வந்தபோது பெட்டிக்குள் ஏதோ கரகரத்தது. கஸ்பார் ஒரு செய்தித்தாளை மடித்து, விசிறி போதாதென்று தானும் வீசினார். ஐரின் சிரித்தாலும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. கடைசிக் கட்டமும் நிரம்பியது. அவள் பென்டிரைவைப் பிடுங்கிய இரண்டாம் நிமிஷம் பெட்டி தானாக அணைந்தது.

“சாமி, காப்பாத்திட்டீங்க!” என்று கஸ்பார் கைகூப்பினார்.

லேப்டாப்பில் மெயில்கள் வரிசையாக வந்து விழுந்தன. 2006-க்குப் போனார். அந்த மெயிலின் ஓரத்தில், அத்தனை வருஷம் மங்கிக் கிடந்த இணைப்பின் அடையாளம் கருகருவென்று பளிச்சென இருந்தது. அழுத்தினார். பழையது ஆபத்தென்று தடுத்ததைப் புதியது தடுக்கவில்லை. திறந்துகொண்டது.

ஐந்து பக்கம். அமலனின் கையெழுத்தேதான். ஐந்து கோடுகளுக்கு மேல் பொடிப்பொடியாக ஸ்வரக் குறிப்புகள், கீழே தமிழ் வரி: ‘கூரையில்லா வீட்டுக்குள்ளே விருந்து வந்தது.’ ஒவ்வொரு குரலுக்கும் இடது ஓரத்தில் ஒரு பெயர். முதல் குரல், இஞ்ஞாசியக்கா. இரண்டாவது, ஐரின். மூன்றாவது, கஸ்பார். நாலாவது கீழ்க்குரலுக்கு நேராக, ‘நான்’.

“வந்து சேர்ந்து பாடத்தான் எழுதியிருக்கான்,” என்றார் கஸ்பார். பிறகு எல்லாவற்றையும் ஐரினிடம் சொன்னார்.

அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, “பதினெட்டு வருசம் இந்தப் பொய்யோடயா குடும்பம் நடத்துனீங்க?” என்றாள். அடுத்த நொடி, “மதினிக்குப் போன் போடுங்க,” என்றாள்.

கஸ்பாரின் அக்கா இஞ்ஞாசியம்மாள் சின்னாளப்பட்டியில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும், “அடுப்புல வெஞ்சனம் கெடக்கு. எறக்கி வச்சுட்டு அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்,” என்றவள், சொன்ன மாதிரியே முக்கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க வந்து நின்றாள். அதற்குள் கஸ்பார் கீபோர்டில் நாலு குரலையும் தனித்தனியாக வாசித்துப் பார்த்துவிட்டார். பாட்டு பிரமாதம்தான். அன்றைக்கு எழுதியது பொய்யில்லை என்றுகூடத் தோன்றியது.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“என்னடா, கிறிஸ்துமசுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே?” என்றார் அமலன்.

“அமலா, 2006-ல ஒரு பாட்டு அனுப்பினியே...”

“அதை விடுறா. எந்தக் காலத்துக் கதை.”

“நான் அதைத் தொறக்கவே இல்லடா. தொறக்க முடியல. இன்னைக்குத்தான் தொறந்தேன்.”

“பிரமாதம்னு எழுதினியே?”

“கம்ப்யூட்டர் தெரியலன்னு உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“மூணாம் பக்கம் பாத்தியா?” அமலனின் குரல் மாறியிருந்தது.

“பாத்தேன். என் வரியில ரெண்டாவது அடி தாளத்துக்குள்ள நிக்கல. ஒரு எண்ணிக்கை குறையுது.”

“ஏலே!” போன் அதிர்ந்தது. “அதேதாண்டா! அனுப்புன பெறகுதான் நானே பாத்தேன். கஸ்பாரு கண்டுபிடிச்சுத் திட்டுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ பிரமாதம்னு எழுதவும், இவன் படிக்காமலே தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் பாட்டே எழுதலடா.”

இஞ்ஞாசியம்மாள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “அமலா, பேச்ச விடு. நாங்க மூணு பேரும் நிக்கிறோம். கீழ்க்குரலுக்கு ஆளில்ல. நீ பாடுறியா?”

“அக்கா, இப்பவா?”

“பின்ன?”

கஸ்பார் ஸ்ருதி கொடுத்தார். மூவரும் தொடங்கினார்கள். இஞ்ஞாசியம்மாளுக்கு உச்சத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. நாலாவது அடியில் போனுக்குள்ளிருந்து அமலனின் குரல் கனமாக உள்ளே நுழைந்தது. எங்கோ பிலாயிலிருந்து வரவேண்டியிருந்ததால் எல்லா இடத்திலும் அரை எண்ணிக்கை பிந்தியே வந்தது. ஆனாலும் அவர் பாதை தவறவில்லை. பதினெட்டு வருஷம் ஆகியும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. முடிக்கும்போது மூவரும் முந்தி முடித்துவிட, அமலன் மட்டும் தனியாகக் கடைசி வார்த்தையைப் பாடி நிறுத்தினார். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

“டிக்கெட் போடுறேன்,” என்றார் அமலன்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு பிற்பகல், கோயிலை ஒட்டிய அறையில் ஒத்திகை. தலை முழுசாக நரைத்த அமலன் கீழ்க்குரல் வரிசையில் நின்றார். கஸ்பார் வாசிக்கத் தொடங்கி நாலு அடி போவதற்குள் அமலன் கையை உயர்த்தினார்.

“ஏலே, எதுக்கு இம்புட்டு வேகம்? ரயில் வண்டியா ஓட்டுற?”

“நீ எழுதுனதே இந்த வேகந்தான். தாளைப் பாரு.”

“எழுதுனவன் நான் சொல்றேன்!”

“வாசிக்கிறவன் நான் சொல்றேன்!”

இருவரும் தாளை நடுவில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். ஐரின் மற்றவர்களைப் பார்த்து, “தண்ணி குடிக்கிறவங்க குடிச்சுட்டு வாங்க. இது இப்ப முடியாது,” என்றாள்.