எட்டாவது வரிசை

நஞ்சைப் பற்றிப் படிக்கப் போனால் பேச்சுத்துணை கிடைக்காது என்று அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். அவள் பிடிவாதம் அப்படி.

அந்த ஆய்வு நிறுவனத்தில் இளம் விஞ்ஞானிகளுக்கு இரண்டு வருடப் பயிற்சி. ஒரு ரசாயனம் உடம்புக்குள் போனால் செல்லுக்குள்ளே எந்த மூலக்கூறைக் கெடுக்கிறது, எப்படிக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தருவார்கள். கற்றுத்தருவார்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. ஐந்து பேர் சேர்ந்தார்கள். நால்வருக்கு எலிக்கூடமும் கணினி அறையும் வாய்த்தன. அவளுக்கு மட்டும் நடைபாதையின் கோடியில், ஜன்னலே இல்லாத, செல் வளர்க்கும் அறை. அவளுடைய வழிகாட்டியான மேடம் முதல் நாளே எட்டுப் பக்கச் செய்முறையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "படிச்சுப் பாரு, அடுத்த வாரம் பக்கத்துல உக்காந்து காட்டறேன்" என்றார். அந்த அடுத்த வாரம் இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. எலிகளைக் கவனிப்பவன் 'மூஞ்சூறு'. புள்ளிவிவரம் போடுபவள் 'சராசரி'. இவளுக்கு ஒன்றும் இல்லை. கிண்டல் பண்ணுவதற்குக்கூட ஆள் கொஞ்சம் பழகியிருக்க வேண்டுமே. மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஞாயிறுதோறும் அம்மா கூப்பிடுவாள். "விஷத்தைத் தொட்டுட்டு ஒழுங்கா கையைக் கழுவுறியாடி?" என்பது முதல் கேள்வி. "யார்கூட சாப்பிட்டே?" என்பது இரண்டாவது. முதலாவதற்கு உண்மையும் இரண்டாவதற்குப் பொய்யும் சொல்லிப் பழகிவிட்டாள்.

அப்படி இருந்தவளுக்குப் போன மாதம் அதிர்ஷ்டம் அடித்தது. உணவு அடைக்கும் பிளாஸ்டிக்கில் சேர்க்கிற புதுப் பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவில் ஒரு தட்டு, அதில் எட்டு வரிசைக் குழிகள், குழிக்குள்ளே கல்லீரல் செல்கள். முதல் வரிசைக்கு அந்தப் பொருளே கிடையாது. அடுத்தடுத்த வரிசைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எட்டாவதற்கு மிக அதிகமாகப் போட்டாள். எட்டாவது வரிசையில் பாதிச் செல்கள் செத்துப்போயின. பன்னிரண்டு முறை செய்தாள். பன்னிரண்டு முறையும் அதே கதைதான்.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "பிரமாதம்! அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீயே பேசு. மூணாவது வருஷத்துக்கு உன் பேரைத்தான் சொல்லப்போறேன்."

பயிற்சியை நீட்டிக்கும் அந்த மூன்றாவது வருடம் ஐவரில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு வயிறு எரிந்திருக்கலாம். ஆனாலும் மறுநாள் மூஞ்சூறு சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஏய் எட்டு, அங்க படியில என்ன பண்றே? இங்க வந்து உக்காரு." அவளுக்கும் ஒரு பட்டப்பெயர்! அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் இரண்டு கேள்விகளுக்கும் உண்மையைச் சொன்னாள்.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில், செத்த செல்லையும் உயிருள்ள செல்லையும் பிரித்துக் காட்டும் புதுச் சாயம் ஒன்று வந்தது. அதைப் பழகிப் பார்ப்பதற்காக ஒரு தட்டு நிறைய வெறும் செல்களை வளர்த்தாள். எந்தப் பொருளும் சேர்க்கவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் எட்டாவது வரிசை செத்துக் கிடந்தது.

தேள் கொட்டிய மாதிரி நின்றாள். நஞ்சே இல்லாத தட்டில் யார் கொன்றது? செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தாள். அதன் பின்சுவரில் ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளோ ஒழுங்குக்காரி. தட்டை எப்போதும் ஒரே மாதிரி, எட்டாவது வரிசை உள்பக்கம் போகும்படிதான் தள்ளுவாள். விசிறிக்காற்றில் அந்த ஓரத்துக் குழிகளில் ஈரம் வற்றி, செல்கள் தாகத்தில் போயிருக்கின்றன. உறுதி செய்துகொள்ள இன்னொரு வெறும் தட்டைத் திருப்பி வைத்தாள். இந்த முறை முதல் வரிசை செத்தது, எட்டாவது பிழைத்தது.

ஓரக் குழிகளில் செல் போடாதே, தண்ணீரை மட்டும் ஊற்று. இது பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறவர் முதல் நாளே சொல்லிவிடும் சங்கதி. எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்குச் சின்னது. எட்டுப் பக்கத்தில் அது இல்லை.

வியாழக்கிழமை மேஜையில் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள். சராசரி தன் டப்பாவிலிருந்து பாதியை அவளுக்கு எடுத்துவைத்தாள். மறைத்தால் யாருக்குத் தெரியும்? அந்த அறைக்குள் வேறு ஈ காக்கை வருவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. மூன்றாவது வருடம் போனால் போகட்டும், இந்த நாற்காலி போய்விடுமே என்றுதான் பயந்தாள். இவ்வளவு படித்தும் இதற்கா ஏங்குகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் அவளே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நான் சோதிச்ச பொருள் ஒண்ணையும் கொல்லலம்மா."

"நல்லதா போச்சு! என் வீடு பூரா பிளாஸ்டிக் டப்பாதான். அதுக்கு எதுக்குடி அழற?"

"அழலம்மா. சளி."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டு வெறும் தட்டுகளின் படத்தையும் முதலிலேயே போட்டாள். "நான் மேடம்கிட்ட காட்டின முடிவு தப்பு. செல்லைக் கொன்னது அந்தப் பொருள் இல்ல. பெட்டியோட விசிறி."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "ஓரத்துல தண்ணி ஊத்தணும்னு உனக்குத் தெரியாதா? தெரியலன்னா கேட்டிருக்கலாமே!"

"யாரைக் கேக்கறது மேடம்?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரைப் பேச அழைத்தார்.

மத்தியானம் அவள் மேஜைப் பக்கம் போகவில்லை. நாற்காலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தைரியம் இல்லை. செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றும் நேரம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு அறைக்குப் போனாள். மூன்று தட்டுகளுக்கு மாற்றி முடித்திருப்பாள், கதவு திறந்தது. மேடம் நின்றார்.

அந்த அறைக்குள் வெளிச்செருப்போடு வரக் கூடாது. வாசலில் கழற்றிவிட்டு, அறைக்கென்று வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். மேடம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"செருப்பை எங்கம்மா விடணும்?"

அவள் கதவுக்குப் பின்னால் இருந்த செருப்பு அடுக்கைக் காட்டினாள். மேடம் குனிந்து தேடினார்.

"உள்ள போட்டுக்க இன்னொரு ஜோடி இல்லையா?"

"இல்ல மேடம்" என்றாள் அவள். "இதுவரைக்கும் தேவைப்படல."