மொட்டைத் தோட்டா

பதினோராவது தட்டை ஆர்டித் குளிர்பெட்டிக்குள் சாய்த்துத் திணித்துக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் ஓரின் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டாப் பெட்டியை வைத்தார். அவள் கணவர் லோவெலைப் புதைத்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை. அது நான்காவது பெட்டி.

அந்தப் பள்ளத்தாக்கில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பெண்கள் பீன்ஸும் சீஸும் உருளைக்கிழங்குமாக வேகவைத்த தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். தட்டு தவறாமல் வீடு திரும்ப வேண்டுமே, அதனால் அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார்கள். அவர்கள் கணவன்மார் கோட்டுப் பையிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். ஆர்டித் இனித் தனியாக இருக்கப் போகிறாள். அவளுடைய குழாய் குட்டையான கட்டைமூக்கு ரிவால்வருக்கு எந்தத் தோட்டா சரி என்று ஒவ்வோர் ஆணுக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"மத்தவன் கொடுத்ததைத் தூக்கிப் போடு" என்றார் ஓரின். "இது தலையில குழி விழுந்தது. உள்ள போனா விரியும். லோவெல் போட்டு வச்சிருக்கிற மொட்டைத் தோட்டா காகிதத்துல ஓட்டை போடத்தான் லாயக்கு. திருடன் என்ன காகிதமா?"

"இன்னிக்கு வந்த திருடனுங்க எல்லாம் என் குளிர்பெட்டியில இடத்தைத்தான் திருடினானுங்க. அந்தக் கதவைக் கொஞ்சம் பிடி."

ஓரின் கதவைப் பிடித்தார்.

மகன் டெரல் அதற்குள் மேஜை இழுப்பறையிலிருந்து ரிவால்வரை எடுத்துத் திறந்திருந்தான். லெக்சிங்டன் நகரத்தில் பெயிண்டுக் கடை வைத்திருப்பவன். துப்பாக்கியைத் தொட்டு இருபது வருஷமாகிறது. அம்மாவுக்காகத் தன் வீட்டுப் பின்னறைக்குப் புதிதாக வண்ணமடித்துவிட்டுத்தான் சாவுக்கே வந்திருந்தான். ஐந்து தோட்டாக்களையும் மேஜைமேல் கொட்டியவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இதெல்லாம் காலிக் கூடு. அப்பாவுக்குக் கடைசியில புத்தி தடுமாறிடுச்சா? இதை நம்பியா நீ இங்க தனியா இருக்கப் போற?"

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மற்றத் தோட்டாக்களுக்குக் கூட்டுக்கு வெளியே மூக்கு நீண்டிருக்கும். கடைக்காரர்கள் வாட்கட்டர் என்று விற்கிற இந்த மொட்டைக்கு மூக்கே கிடையாது. ஈயம் கூட்டின் விளிம்போடு மட்டமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். ஓரின் ஒன்றை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினார். டெரல் தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டான்; ஆனால் பயத்தை விடவில்லை. ஷெரீப் ஆபீஸிலிருந்து போலீஸ் கார் வர நாற்பது நிமிஷம். ஓடையில் தண்ணீர் ஏறினால் வரவே வராது.

"சித்தப்பா கொடுத்த தோட்டாவுல அஞ்சு சுடு. அஞ்சும் ஒரு காகிதத் தட்டுல பட்டா இங்கயே இரு, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை என்கூட வர்ற."

நாற்பத்தாறு வருஷம், அதிகம் பேசாத ஒரே ஓர் ஆணோடு குடித்தனம் நடத்தியவள். வாய் திறந்து பேசுகிற ஆண்கள் இவ்வளவு அலுப்பூட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள்.

சாவுச் சாப்பாட்டுக்கு வாங்கிய காகிதத் தட்டுகளில் ஒன்றைக் கொட்டகைக்குப் பின்னால், மண்மேட்டுக்கு முன்னிருந்த கம்பத்தில் ஓரின் ஆணியடித்து வைத்தார். ஏழு தப்படி. கறுப்பு உடுப்போடு, காலையில் பார்லர்க்காரி சுருட்டிவிட்ட முடிமேல் லோவெல் சுடும்போது மாட்டுகிற காதுமூடியை மாட்டிக்கொண்டு நின்றாள் ஆர்டித். அது தொளதொளவென்று சரிந்தது. செத்த மனுஷனுக்குத் தலையும் பெரிது.

முதல் குண்டுக்கு ரிவால்வர் கையிலேயே எகிறிக் குதித்தது. கட்டைவிரல் மூட்டில் சுருக்கென்று ஏறிய வலி முழங்கை வரை போயிற்று. தட்டு அசையவில்லை. இரண்டாவதற்கு, சுடுவதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது. குண்டு தட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"போதும்மா" என்றான் டெரல். ஜெயித்த குரலில் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலை. அழப்போகிற குரலில் சொன்னான்.

அவளுக்கு விளங்கவில்லை. வாங்கின புதிதில் இந்த ரிவால்வர் கழுதை மாதிரித்தான் உதைத்தது. வருஷம் போகப் போகப் பூனைக்குட்டி மாதிரி சாதுவானது. எழுபத்திரண்டு வயதில் தனக்குக் கை உரம் ஏறியிருக்கிறது என்று சர்ச்சில் யாரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்! லோவெல் பக்கத்தில் நின்று, "நல்லா வருது" என்பார். அதுவே அவருக்குப் பெரிய பேச்சு.

"என்னோட தோட்டாவுல சுடறேன்" என்றாள்.

டெரல் அவள் கட்டைவிரலைப் பார்த்தான். "சரி. ஆனா அஞ்சும் படணும்."

கொட்டகைக்குள் போனாள். காலிக் கூட்டில் மருந்து போட்டுத் தோட்டா அடைக்கிற பெஞ்சின்மேல் லோவெலின் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி போய்ச் சேர்ந்தவர். இங்கே வரத்தான் கிளம்பியிருப்பார். கழுவாத காப்பிக் கோப்பை ஒன்றும் அவளுக்காகக் காத்திருந்தது.

தோட்டாவை எப்போதும் அவர்தான் ஐந்தைந்தாக அவள் உள்ளங்கையில் வைப்பார். பெட்டியை அவள் தொட்டதே இல்லை. அலமாரியிலிருந்து எடுத்தாள். நீலப் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் நீளமாகக் காகித டேப், அதில் பென்சில் எழுத்து. முதல் வருஷத்துக்கு எதிரே வெடிமருந்தின் அளவு மூன்றரை. அடித்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து மூன்றேகால். அதுவும் அடித்திருந்தது. அவளால் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் போன வருஷம், மூன்று. போன வருஷம், இரண்டே முக்கால். அதை அடிக்கவில்லை. கீழே கொட்டை எழுத்தில்: "இதுக்குக் கீழ போனா குண்டு குழாய்ல சிக்கும். இனிக் குறைக்கிறது கிடையாது."

அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் அவர் ரிவால்வர் பிடிக்கு ரப்பர் உறை வாங்கிப் பரிசுத்தாளில் சுற்றிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குப் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற பரிசா இது என்று ஆர்டித் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பது இன்றுவரை சந்தேகம்.

"சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்று பெஞ்சைக் கேட்டாள்.

உயிரோடு இருந்தபோது வந்த பதில்தான் வந்தது.

வெளியே வந்து, மிச்சமிருந்த ஓரினின் தோட்டாக்களைக் கொட்டிவிட்டு, ஐந்தை ஒவ்வொன்றாகப் போட்டாள். மூக்கில்லாத தோட்டா ஓட்டைக்குள் லேசில் நுழையாது. விரலால் தடவித் தடவித்தான் வழி காட்ட வேண்டும். ஆண்கள் இருவரும் பொறுமையில்லாமல் கால் மாற்றி நின்றார்கள். நிற்கட்டும் என்று அவள் அவசரப்படவில்லை. பிறகு சுட்டாள். பூனைக்குட்டி ஐந்து தடவை கையில் தலையால் முட்டியது.

டெரல் போய்த் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஓரத்துப் பழைய கிழிசலைத் தவிர, காகிதத்தில் துளைக் கருவியால் போட்டதுபோல வட்டவட்டமான ஓட்டைகள். எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"நாலும்மா."

ஓரின் அவன் கையிலிருந்து தட்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு ஓட்டையின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இது வட்டமா? எட்டு மாதிரி இருக்கு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்குடா. மத்தத் தோட்டா கிழிச்சிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. மொட்டைங்கிறதால பொய் சொல்ல மாட்டேங்குது." தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அஞ்சு."

டெரல் வெகுநேரம் அந்த எட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பின்னறையில் என் சைக்கிளையாவது வைத்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தான். கொடுத்த வாக்கின்படி அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ஓரின் அவள் பக்கத்தில் வந்தார். "தீர்ந்தா நான் அடைச்சுத் தரேன். அண்ணன் எவ்வளவு மருந்து போட்டாரு?"

ஆர்டித் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். எழுத்து உள்பக்கம் இருந்தது. மூன்றரை என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது.

"ரெண்டே முக்கால்."

ஓரின் புருவம் ஏறியது. அவள் கையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, தம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் காலியான தட்டுகளை அவள் கழுவிக் கவிழ்த்தாள். டேப்பில் இருந்த பெயரைப் பார்த்து, அந்தந்த வீட்டுத் தட்டில் அந்தந்த வீட்டுத் தோட்டாப் பெட்டியைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தாள். நீலப் பெட்டியின் டேப்பில் மட்டும் யார் பெயரும் இல்லை. அதை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி வைத்தாள். டேப்பின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. வலிக்கிற கட்டைவிரலால் அழுத்தினாள். எழும்பியது. மறுபடியும் அழுத்தினாள்.