‘ஆ. பெரிய கல்’

ஒரே உயரத்திலிருந்து பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் சேர்த்துப் போட்டால் எது முதலில் தரையைத் தொடும்? பொதுத்தேர்வில் வந்த கேள்வி. அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்ததை நம்பி நாற்பத்தொரு பிள்ளைகளும் ‘இ. இரண்டும் ஒன்றாக’ என்ற வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வந்தார்கள். தேர்வுத்துறையின் விடைக்குறிப்போ ‘ஆ. பெரிய கல்’ என்றது. ஆளுக்கொரு மதிப்பெண் போனது. முதலிடத்தில் இருந்த பள்ளி ஏழாமிடத்துக்கு இறங்கியது.

பாடப்புத்தகப் பக்கத்தையே நகலெடுத்து இணைத்து டீச்சர் முறையீடு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: விடைக்குறிப்பு இறுதியானது.

தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

“இதே கேள்வி அடுத்த வருஷமும் வரும். ‘ஆ’ன்னே சொல்லிக்குடுத்துடுங்க.”

“அது தப்பு சார்.”

“தப்புதான், யாரு இல்லேன்னா? நானும் இயற்பியல் படிச்சவன்தான். கல்லு எப்படி வேணா விழட்டும், நம்ம ஸ்கூல் விழக்கூடாது.”

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே புதிய வகுப்பை மொட்டைமாடிக்கு ஓட்டிக்கொண்டு போய், கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு கற்களைக் காலி மைதானத்தில் போட்டார். தொப்பென்று ஒரே சத்தம். ஆளனுப்பிக் கற்களை எடுத்துவரச் சொல்லி இன்னும் இரண்டு தடவை போட்டார். பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

“எது முதல்ல விழுந்துது?”

“பெரிய கல்லு டீச்சர்,” என்றாள் எப்போதும் முதலாவதாக வருவதால் ‘ரேங்க்’ என்று பேர் வாங்கிய பெண்.

“இப்பதானே கண்ணால பார்த்தே?”

“பார்த்தேன் டீச்சர். ரெண்டும் ஒண்ணாத்தான் விழுந்துது. ஆனா விடை ‘ஆ’. டியூஷன்ல சொல்லிட்டாங்க.” அவள் குரலில் கிண்டல் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. “போன வருஷ அக்காங்களுக்கு உங்களாலதான் ஒரு மார்க் போச்சாம். அம்மா சொன்னாங்க.”

டீச்சர் வகுப்புக்கு இறங்கிவந்து கரும்பலகையில் ‘ஆ. பெரிய கல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கை கொஞ்சமும் கூசவில்லை.

அந்தக் கேள்வி வரவும் வந்தது, பள்ளி முதலிடத்தைப் பிடிக்கவும் பிடித்தது. பாராட்டு விழாவுக்குத் தேர்வுத்துறை அதிகாரியே வந்திருந்தார். மாணவரிடம் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது எப்படி என்று டீச்சரைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அவரும் மைக்கைப் பிடித்து மூச்சுக்கு மூச்சு ‘சோதித்துப் பார்த்து நம்புங்கள்’ என்றார். முன்வரிசையில் அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அரங்கில் ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.